செல்வி தூங்கிய பௌர்ணமி

என் அன்பு அக்காவுக்கு,

நேற்று ராத்திரி உன் மகள் நன்றாகத் தூங்கினாள். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். தூங்குவதெல்லாம் ஒரு சேதியா என்று சிரிப்பாய். சேதிதான், கேள்.

நீ கண்மூடிய பிறகு செல்வி எங்களோடுதான் இருக்கிறாள், அடி அண்ணாமலையில். இப்போது பிளஸ் டூ. விடிய விடிய அவள் அறையில் விளக்கு எரியும். "உங்க அக்கா பொண்ணு தூங்கவே மாட்டாளா? கலெக்டரே ஆயிடுவா" என்று தெருவே மெச்சியது. எனக்கும் பெருமையில் தலைகால் புரியவில்லை. அவள் படிக்கவில்லை அக்கா, தூக்கம் வராமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று யார் கண்டார்கள்?

ஒருநாள் மெதுவாகச் சொன்னாள்: "இருக்கவே பிடிக்கல மாமா." அன்றைக்கே திருவண்ணாமலைக்கு பஸ் ஏறினோம். டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் அவளிடம் நேராகவே கேட்டார். "சரியா தூங்கி எவ்ளோ நாளாச்சும்மா?" என்றபோது பிள்ளை உடைந்து அழுதுவிட்டாள்.

"இந்த வயசுல தூக்கம் கெட்டா மனசு ரொம்ப தளர்ந்துடுங்க. மருந்து தரேன், வாராவாரம் வந்து பேசட்டும். ராத்திரியில தூங்க விடுங்க. தனியா விடாதீங்க" என்றார் என்னிடம்.

விடியற்காலை அலாரத்தை நிறுத்தினேன். சாயங்காலத்துக்கு மேல் டீ கிடையாது. என் வீட்டுக்காரி அவள் பக்கத்திலேயே பாய் போட்டுக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கம் திரும்பி வந்த நேரத்தில்தான் பௌர்ணமி வந்தது.

என் பிழைப்பு உனக்குத் தெரியுமே, மைக் செட். கிரிவலப் பாதையில் நம் வாசலை ஒட்டிய அன்னதானப் பந்தலுக்கு வருஷக்கணக்காக நான்தான் கட்டுகிறேன். விடியும்வரை குழாய் ஸ்பீக்கரில் சாமி பாட்டு ஓடும். நேற்று நான் கட்டவில்லை. பந்தல்காரர் சண்டைக்கே வந்துவிட்டார்.

"பாட்டு இல்லாம பௌர்ணமியா? இன்னாய்யா ஆச்சு உனக்கு?"

"உள்ள பொண்ணு தூங்குதுங்க. அதுக்கு மனசு சரியில்ல. இன்னிக்குத் தூக்கம் கெட்டா எனக்குப் பயமா கீதுங்க."

அதோடு சண்டையை விட்டார். பிறகு அவரே பாதையில் போய் நின்றுகொண்டு, வருகிறவர்களிடம் "மெல்லப் போங்க சாமி, உள்ள பொண்ணு தூங்குது" என்று சொல்ல ஆரம்பித்தார்.

எவ்வளவு ஜனம் அக்கா! அரோகரா போட்டு வந்தவர்கள் நம் வீடு வந்ததும் குரலைத் தாழ்த்தினார்கள். அத்தனை வெறுங்கால்கள் நடக்கும் சத்தத்தை என் ஆயுசில் நேற்றுதான் கேட்டேன். அப்படியொரு சத்தம் இருப்பதே எனக்குத் தெரியாது. யாரென்றே தெரியாத ஒரு பெண்ணுக்காக இத்தனை பேர் மெல்ல நடப்பார்களா? நடந்தார்கள். நான் வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

செல்வி வெயில் ஏறிய பிறகுதான் எழுந்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்து, "மாமா, பசிக்குது. இட்லி கீதா?" என்றாள். அவள் வாய்விட்டுக் கேட்டு எத்தனை மாதம் ஆகிறது தெரியுமா?

இன்னும் முழுசாகத் தேறவில்லை. டாக்டரம்மாவிடம் போவதை நிறுத்த மாட்டோம். பரீட்சை கிடக்கட்டும், அடுத்த வருஷம்கூட எழுதிக்கொள்ளலாம். அவள் தூக்கத்துக்கு நான் காவல் இருக்கிறேன். நீ நிம்மதியாக இரு.

உன் தம்பி,
செல்விக்குத் தாய்மாமன்