எப்சியின் முதற்பலன்

ஆம்பூர்

அன்பு மகன் நத்தானியேலுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் சுகம், பூனாவில் நீங்கள் மூன்று பேரும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறேன். அப்பாவுக்கு இருமல் கம்மி, ஷூ கம்பெனி வாட்ச்மேன் வேலையை விடச் சொன்னால் கேட்பதில்லை.

நம் வம்சத்திலேயே பேங்கில் உட்கார்ந்து வேலை செய்பவள் உன் மகள் எப்சிதான் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டேன். முதல் சம்பளத்தில் கோயிலுக்கு முதற்பலன் என்று எப்சி என் போனுக்கு டிஜிட்டல் ரூபாய் அனுப்பினாள் அல்லவா, இது பேங்க் கணக்குல போய் விழாது ஆயா, பர்ஸ்ல நோட்டு இருக்கிற மாதிரி உன் போன்லயே இருக்கும் என்றாள். திறந்தால் நோட்டுப் படம்தான் தெரிகிறது, எப்படி வெளியே எடுப்பது என்று தெரியவில்லை. அதனால் அறுப்பின் பண்டிகை அன்று எப்சி பேர் எழுதிய கவரில் போனையே போட்டு, கோழியும் பூசணிக்காயும் இருந்த காணிக்கை மேசையில் படைத்துவிட்டேன். மேசையில் சேர்ந்த காணிக்கைகளை ஏலம் விட நின்ற கமிட்டிக்கார ஜெயகரன் கவரைப் பிரித்து, இன்னா சின்னம்மா, கோழி குடுத்தாலே முட்டைய வீட்ல வச்சிட்டு வர்ற ஆளு நீ, போனையே குடுத்துட்ட என்றான், சபையே சிரித்தது. உள்ள என் பேத்தி சம்பளம் இருக்குடா, நீ ஏலத்தைக் கூவு என்றேன். போதகர் எழுந்து வந்து, எடுத்துக்கங்கம்மா, சுவத்துல ஒட்டியிருக்கிற க்யூ.ஆர். அட்டையில போனைக் காட்டினாலே காணிக்கை சேர்ந்துடும் என்றார். படைத்ததைச் சும்மா திருப்பி எடுப்பது நம் வழக்கமா? நானே ஏலம் கேட்டு, முட்டை விற்ற காசைக் கொடுத்துப் போனை மீட்டு வந்தேன்.

வீட்டில் பார்த்தால் எப்சி பணம் அப்படியே உள்ளே இருக்கிறது. கோயிலுக்குப் போனது என் காசு. அப்படியானால் பிள்ளையின் முதற்பலன் படைத்தாயிற்றா இல்லையா? படைத்தாயிற்று என்றால் உள்ளே இருப்பது யார் பணம், நான் ஏலத்தில் எடுத்ததா? அப்பாவோ, ரெண்டு தடவ குடுத்தா ஆண்டவர் வேணாம்னா சொல்லப் போறாரு என்கிறார். எனக்கு மனசு ஆறவில்லை. படைச்சாச்சா ஆயா, அம்மாவுக்குப் புடவை எடுக்கட்டுமா என்று எப்சி நேற்றும் கேட்டாள், அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டேன். முதற்பலன் போகாத சம்பளத்தைப் பிள்ளை எப்படித் தொடுவாள்?

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எப்சி பணத்தை அனுப்ப அந்த அட்டை முன்னால் நிற்பேன். அமுக்கினால் பணம் போவது என் கண்ணுக்குத் தெரியாது, ஆகவே எப்சியை இங்கே உன் அப்பா போனுக்குக் கூப்பிடச் சொல், அவள் ஆமென் சொன்ன பிறகுதான் அமுக்குவேன். அதுவரை புடவைக் கடைக்குப் போக வேண்டாம்.

மருமகளுக்கு என் அன்பு. உங்கள் கையின் பிரயாசத்தைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.

உன் அம்மா,
ஆக்னஸ்