இருபத்தாறு வருடம் அரை சுரம் கீழே

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், என் மணிக்கட்டு வலியும் எங்களோடு சேர்ந்து சுகமாகத்தான் இருக்கிறது. அங்கே நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரும் நன்றாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே நீ விடும்மா என்பாய், நானும் விட்டுவிடுவேன். இதை விடுவதாக இல்லை. பதின்மூன்று வயதில் உன் கிட்டாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு இனிமேல் தொடவே மாட்டேன் என்றாயே, அதில் தப்பு யாருடையது என்று இப்போது தெரிந்துவிட்டது. அதைச் சொல்லித் தீர்க்கத்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரும் ஆம்புலன்ஸ் டிரைவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், நாற்பத்தைந்து வயதில் கிட்டார் பிடித்த மனுஷன், விரல் ஒவ்வொன்றும் வாழைக்காய் பருமன், ஆனாலும் ஒரு நாள் மட்டம் போட்டதில்லை. போன மாதம் அவர் ஆபீசில் ஒருவர் ஓய்வு பெற்றார், அந்தக் கூட்டத்தில் இவர் கிட்டார் வாசிக்க, இன்னொருவர் கீபோர்டு வாசிக்க ஏற்பாடு. முதல் வரியிலேயே இரண்டும் ஒட்டவில்லை. அண்ணே, உங்க கிட்டார் சுருதி எறங்கி இருக்குண்ணே என்று கீபோர்டுக்காரர் சொல்லியிருக்கிறார். இவர் விட்டாரா? எங்க டீச்சர்கிட்ட காதாலயே சுருதி சேர்க்கக் கத்துக்கிட்டவன் நான், மொதல்ல உன் பெட்டியை ரிப்பேருக்குக் குடு என்று மல்லுக்கு நின்று, கடைசியில் கீபோர்டை நிறுத்தவைத்துத் தனியாகவே வாசித்துவிட்டு வந்திருக்கிறார். பாதிப் பேர் சிரித்தார்களாம். உங்கள விட்டுக்குடுப்பேனா டீச்சர் என்று அதை என்னிடமே பெருமையாகச் சொல்கிறார். கீபோர்டு தானாக இறங்காதே என்று எனக்குப் பட்டது. அவர் போனதும் இசைக்கருவிக் கடைக்குப் போய், தட்டினால் எப்போதும் ஒரே சுரம் ஒலிக்கும் இரும்புக் கவை ஒன்றை வாங்கி வந்தேன். அதைத் தட்டிவிட்டுக் கம்பியை மீட்டினேன். அரை சுரம் கீழே இருந்தது. ஆறு கம்பியும் ஒன்றோடொன்று அவ்வளவு ஒழுங்காக, எல்லாம் சேர்ந்து அரை சுரம் கீழே. சுவரில் மாட்டியிருந்த நாலு கிட்டாரையும் எடுத்துப் பார்த்தேன், அவையும் அப்படியே.

எப்படி எப்படி என்று யோசித்து மண்டை காய்ந்துபோனது. அப்புறம் ஞாபகம் வந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தபோது, வீடு காலி செய்துகொண்டு போன ஒருவரிடம் வாங்கியதுதான் என் முதல் கிட்டார், அதன் கழுத்தில் ஒரு விரிசல். ஒட்டிக் கொடுத்த ரிப்பேர்காரர், இது முழு இழுப்பைத் தாங்காதும்மா, அரை சுரம் எறக்கியே வெச்சுக்கங்க என்றார். வைத்துக்கொண்டேன். எனக்கு வாத்தியார் கிடையாது, ஒரு கிழிந்த புத்தகமும் எக்ஸ்சேஞ்சில் பழகிய காதும்தான். ஹலோ என்ற ஒரு சொல்லிலேயே ஆளைக் கண்டுபிடிப்பவள் என்று அங்கே எனக்குப் பெயர், அந்தத் திமிர் வேறு. எட்டு வருடம் கழித்துப் புதுக் கிட்டார் வாங்கியபோது பழையதைப் பக்கத்தில் வைத்து அதன்படியே சேர்த்தேன், பழையது ஏன் இறங்கியிருக்கிறது என்பது சுத்தமாக மறந்துபோய்விட்டது. இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் வகுப்பு ஆரம்பித்ததும் நான் போட்ட சட்டம் உனக்கே தெரியும், முதல் மாதம் இடது கை கம்பியைத் தொடக் கூடாது, என் கிட்டாரைக் கேட்டுத் தன் கிட்டாரைச் சேர்க்க மட்டும் பழக வேண்டும், மெஷின் வைத்துச் சேர்க்கிறவர்கள் வாசலோடு திரும்பிவிடலாம். கேசட் பாட்டோட சேரலையே டீச்சர் என்று யாராவது கேட்டால் டேப் ஓட்டம் சரியில்லை என்பேன். கேசட் போய் செல்போன் வந்த பிறகும், பாட்டோடு சேர்ந்து வாசித்தால் விரல் கெட்டுப்போகும் என்று வாயை அடைத்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் காது இருந்தது, எனக்குத்தான் இல்லை.

உன் அப்பா முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், ஒத்தை ஆளா ஊரையே அரை சுரம் எறக்கிட்டியேடி என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, பேசாம எல்லாத்தையும் ஏத்தி வெச்சுடு, ஒருத்தருக்கும் தெரியாது என்று யோசனை சொன்னார். நீயோ, கை வலிக்குதுன்னா வகுப்பை மூடிட்டு இங்க வந்துடும்மா என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். மூடிவிட்டு நான் விமானம் ஏறிவிடலாம், தப்பு இங்கேயே உட்கார்ந்திருக்கும். அது நடக்காது. பழைய டைரிகளைக் கிளறி, கிடைத்த பழைய மாணவர்களின் எண்களுக்கெல்லாம் போன் செய்து தப்பைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இதுவரை அறுபத்து மூன்று பேர். முக்கால்வாசிப் பேர் சிரித்தார்கள். தையல்கடை அம்மா மட்டும் சிரிக்கவில்லை, ஒரு பாட்டுக் குழுவுல வாசிக்கப் போனேன் டீச்சர், சுருதி சேரலைன்னு அனுப்பிட்டாங்க, நமக்கு வராதுன்னு கிட்டாரை வித்துட்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மறுநாள் கடைக்கே போய், யூனிஃபார்ம் துணிக் குவியலுக்கு நடுவில் நின்று மன்னிப்புக் கேட்டேன், மெஷினை நிறுத்தாமல் தைத்துக்கொண்டே இருந்தார். மறுபடியும் போவேன். டிரைவரிடம் சொன்னதும், அப்ப அந்தக் கீபோர்டுக்காரர்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணுமா டீச்சர் என்றார் பாவம், நான் கேட்கிறேன் வாருங்கள் என்று அவர் பைக்கில் பின்னால் ஏறிப் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். இப்போது வகுப்பில் சட்டம் மாறிவிட்டது, உள்ளே வந்ததும் மாணவர்தான் கவையைத் தட்டி என் கிட்டாரைச் சோதிக்க வேண்டும், அது சரியாக இருந்தால்தான் பாடம். என் காது இன்னும் பழைய இடத்துக்கே ஓடுகிறது, அதனால் தினமும் காலையில் ஒரு மணி நேரம் கவையும் கையுமாக உட்காருகிறேன். ஐம்பத்தொன்பது வயசுல காது திரும்புமா என்று உன் அப்பா கேட்கிறார். திருப்பிக் காட்டுகிறேன்.

இப்போது உன் விஷயம். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் பட்டியலில் முதலில் எழுதியது உன்னைத்தான், கடைசிவரை தள்ளிக்கொண்டே வந்தேன், பயம்தான், வேறென்ன. ஆண்டு விழா ஒத்திகையில் உன் கிட்டார் பியானோவோடு சேரவில்லை என்று பள்ளிக்கூடத்துப் பாட்டு வாத்தியார் எல்லார் முன்னாலும், உனக்குக் காதே கெடையாது, எறங்கு கீழே என்றாராம். அழுதுகொண்டே வந்தாய். உன் கிட்டாரை வாங்கி என்னுடையதோடு வைத்துப் பார்த்தேன், இம்மிகூடப் பிசகவில்லை. நான் சரியாத்தாம்மா சேர்த்தேன் என்று நீ திரும்பத் திரும்பச் சொன்னாய். நீ சேர்த்தது சரியென்றால் தப்பு எங்கே என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பயத்துல ஏதாவது தப்பா வாசிச்சிருப்படி என்று உன் தலையிலேயே கட்டிவிட்டேன். என் காதைச் சந்தேகப்பட மனசு வரவில்லை, பழிபோட நீ சுலபமாகக் கிடைத்தாய். போன வாரம் வீடியோவில், பாடு பாடு என்று குட்டி உன் கன்னத்தைப் பிடித்து இழுத்தபோது, அம்மாவுக்குக் காதே கெடையாது கண்ணு, போன்ல போட்டுத் தரேன் என்றாய். இருபத்து மூன்று வருடம் கழித்தும் அந்த ஆளின் அதே வார்த்தை, உன் வாயால், உன் குழந்தையிடம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லையடி. அவர் சொன்னதும் பொய், நான் சொன்னதும் பொய். பதின்மூன்று வயதில், மெஷின் இல்லாமல், ஆறு கம்பியையும் வெறும் காதால் என் கம்பியோடு மயிரிழை பிசகாமல் சேர்த்தாய், இத்தனை வருடத்தில் என்னிடம் வந்த ஒருவரும் அப்படிச் சேர்த்ததில்லை. என்னை மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் இஷ்டம், அவசரப்படுத்த மாட்டேன். அந்த வார்த்தையை மட்டும் இனி நீ சொல்லக் கூடாது.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் நம்பி, நூறு வயது நன்றாக இருங்கள். நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. இதை மடித்து வைத்த கையோடு குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டுப் பாடு, நீயே பாடு.

இப்படிக்கு,
அன்றைக்கு உன்னை நம்பாமல் போன
உன் அம்மா