தொட்டிக்கு அடியில் தட்டு

மார்ச் 3, செவ்வாய்

தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிய ஈரம் கையில் காயவில்லை, வாசல் மணி. கீழ்வீட்டுக்காரி. "அக்கா, உங்க தொட்டித் தண்ணி மொத்தமும் என் துணி மேலதான்! தொவைச்சதையே எத்தனை தடவை தொவைக்கிறது?" மண்கறை பட்ட தலையணை உறையைக் கையோடு கொண்டுவந்து காட்டினாள். இவளுக்குப் புகார்ப்பெட்டி என்று நான் வைத்த பெயர் வீண்போகவில்லை.

மார்ச் 6

மறுபடியும் வந்தாள். திட்டி முடித்துவிட்டு, "குரோட்டன்ஸ் நல்லா வந்திருக்கே" என்றாள். டீ குடிக்கிறாயா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

மகன் போனில், "எல்லாத் தொட்டிக்கும் அடியில தட்டு வெச்சிடும்மா, பிரச்சினை முடிஞ்சுது" என்றான். அவனுக்கு எல்லாமே இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், என்னோடு பேசுவது உட்பட. சாயங்காலமே தட்டுகள் வாங்கி வைத்துவிட்டேன். இனி ஒரு சொட்டு கீழே போகாது.

மார்ச் 12

யாரும் வரவில்லை.

மார்ச் 14

பூச்சாடிக்குள் உப்புப் படிந்திருந்தது. தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தேன். அவர் இருந்தவரை அதில் பூ இல்லாத நாள் கிடையாது. இப்போது கழுவுவதோடு சரி. பூ வாங்கி வைத்து யார் பார்க்க?

இந்த வாரம் ஒருத்தரிடமும் பேசவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான் — சொட்டிக்கொண்டிருந்ததை நானே நிறுத்தித் தொலைத்தேன். திட்டுறதுக்காவது ஒருத்தி வந்தாளே... இப்ப அதுவும் போச்சு. அழுகை அழுகையா வருது.

மார்ச் 17

ஓரத்துத் தொட்டியின் தட்டை மட்டும் எடுத்துவிட்டால்? சீ, வயசுக்கேத்த புத்தியா இது? அவள் துவைத்துச் சாக வேண்டுமா?

மார்ச் 18

எடுத்தே விட்டேன். தட்டும் கையுமாக நிற்கும்போது மணி அடித்தது. இன்னும் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லையே!

அவள்தான். மூச்சு வாங்க நின்றாள். "கொஞ்ச நாளா தண்ணியே சொட்டல. உடம்பு கிடம்பு முடியலையோன்னு மனசு அடிச்சுக்கிச்சு. நல்லாத்தானே இருக்கீங்க?"

தட்டைக் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டாள். "நான்தான் துணி காயப்போடுற கொடியையே அந்தப் பக்கம் மாத்திட்டேனேக்கா!"

இந்த முறை டீ குடிக்கிறாயா என்று கேட்டுவிட்டேன். ரொம்ப நேரம் உட்கார்ந்து, மாமியார் முதல் மாடிப்படி விளக்கு வரை எல்லாரையும் எல்லாவற்றையும் திட்டினாள். அவள் உட்காரும் இடத்திலிருந்து பூச்சாடி நேராகத் தெரிகிறது.

நாளைக்குப் பூ வாங்க வேண்டும்.