சத்தம் போடாத புல்வெட்டி

அன்புள்ள மச்சான்,

எங்கள் வீட்டுப் புல்லுக்கு ஒரு வாசனை உண்டு என்பது இந்த வயதில்தான் எனக்குத் தெரிந்தது. வெட்டி முடித்து, மெஷினை ஓரமாகச் சாய்த்துவிட்டு, வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். சாரல் விட்டு ஈரமாகக் கிடந்த தரையிலிருந்து பச்சையாக, லேசான இனிப்போடு எழும்பி வந்தது அது. இத்தனை வருஷமாகப் பெட்ரோல் புகை அதை மூக்குப் பக்கமே அண்டவிடவில்லை. "மச்சான், இத மோந்து பாருங்க" என்று சொல்லத் திரும்பிவிட்டேன். கேட் சாத்திக் கிடந்தது.

ஆமாம், பேட்டரி மெஷின் வாங்கிவிட்டேன். சிரிக்காதீர்கள். நாலைந்து வருஷம் நீங்கள் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியும் கேட்காதவன், நீங்கள் மையவாடி மண்ணுக்குள் அடங்கிய பிறகு வாங்கியிருக்கிறேன். சார்ஜர் சமையலறையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சிவப்பு விளக்கு பச்சையானால் பேட்டரி நிறைந்துவிட்டது என்று அர்த்தமாம். பட்டனை அழுத்தினால் டேபிள் ஃபேன் மாதிரி ஒரு ஓசை, அவ்வளவுதான். கோரை மண்டிய இடத்தில் மட்டும் கொஞ்சம் சுணங்குகிறது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

பழையது அப்படியா? பாட்டிலில் பெட்ரோலையும் ஆயிலையும் கலந்து குலுக்கி, டேங்கில் ஊற்றி, சோக்கைத் தூக்கி, கயிற்றை நாலு இழுப்பு இழுத்தால்தான் அய்யா கண் திறப்பார். திறந்தால் உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். மேலே ஏலத்தோட்டங்களில் காடு வெட்டுகிற மெஷின் அது. நான் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்த காலத்தில், மேனேஜர் பங்களா முன்னால் இருந்த புல்தரையைப் பார்த்து ஆசைப்பட்டு, ரிட்டயர்டு ஆனதும் வீட்டு முன்னால் அதே மாதிரி ஒன்று போட்டேன். சுற்றி நெல்லும் வாழையும் விளைகிற ஊரில் புல் வளர்த்தவன் நான் ஒருவன்தான். "மாடுமில்ல, ஆடுமில்ல, யாரு மேய இந்தப் புல்லு?" என்று தெருவே கேட்டது. என் வீட்டுக்காரி மட்டும் சாயங்காலம் அதில் காலை நீட்டி உட்கார்ந்து பூக் கட்டுவாள்.

அவள் இருந்தவரைக்கும் கூலிக்கு ஆள் வந்து அரிவாளால் அறுத்துக்கொண்டு போனது. அவள் போன பிறகுதான் மெஷின் வாங்கினேன். மற்ற நாள்களைக் கடைத்தெரு, பேங்க், டாக்டர் என்று ஏதாவது சொல்லிக் கழித்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வது? மகன் சென்னையிலிருந்து போனில் பத்து நிமிஷம் பேசுவான். அதன்பின் வீடு என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். அதற்காகத்தான் ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கயிற்றை இழுக்க ஆரம்பித்தேன்.

முதல் வாரமே நீங்கள் வந்துவிட்டீர்கள். அதுவரை பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ற அளவில் தலையசைப்போம், பெருநாளைக்குப் பிரியாணி வரும், பொங்கலுக்குக் கரும்பு போகும், அவ்வளவுதான் நமக்குள் பழக்கம். அன்றைக்குக் கைலியும் பனியனுமாக, தலையெல்லாம் கலைந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தீர்கள்.

"என்ன மச்சான் இது அநியாயமா இருக்கு! மெத்தைக் கடைக்காரனையே தூங்க விட மாட்டேங்கிறீகளே, ஊருல ஒருத்தன் எங்கிட்ட மெத்தை வாங்குவானா?"

நான் மெஷினை அணைத்தேன். சண்டைக்கு வந்தவரை நிற்க வைத்துப் பேசக் கூடாதென்று நாற்காலியை எடுத்துப் போட்டேன். டீ போட்டேன். மெஷின் பிடித்த கை வெடவெடவென்று நடுங்கி, டம்ளர் தட்டில் தாளம் போட்டது. "பாத்து மச்சான், தூக்கத்தக் கெடுத்தது பத்தாதுன்னு சூடு வேற வச்சுராதீக" என்றீர்கள். அன்றைக்கு நீங்கள் எழுந்து போகும்போது வெயில் ஏறிவிட்டது. புல் பாதிதான் வெட்டியிருந்தது.

பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. வாரா வாரம் ஏழு மணிக்கு நான் கயிற்றை இழுப்பேன், நீங்கள் பனியனோடு வந்து திட்டுவீர்கள், நாற்காலி வரும், டீ வரும். மழை பெய்து புல் நனைந்து கிடந்தாலும் சும்மாவாவது ஒருமுறை இழுப்பேன். உங்கள் போனில் பேட்டரி மெஷின் வீடியோக்களாகப் பொறுக்கி வைத்திருந்தீர்கள். "துபாயில எங்க அக்கா மகன் வீட்டுல இதான் வச்சிருக்கான். பூனை நடக்குற மாதிரி வெட்டுது. வாங்கித் தொலைங்களேன்" என்பீர்கள். கரண்ட் போனால் என்ன செய்வது, பேட்டரி செத்தால் தேனிக்கு அலைய முடியுமா, இந்தக் கோரைக்கெல்லாம் அது தாங்காது என்று நானும் ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் சொல்வேன். மெத்தையில் பஞ்சை அடைப்பது மாதிரி நீங்களும் சளைக்காமல் அடைத்துக்கொண்டே இருந்தீர்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டுக் கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்த நீங்கள், எழுந்திருக்கவில்லை. உங்களைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கியபோது நானும் தோள் கொடுத்தேன். மண் போட்டேன். ஆண்கள் எல்லாரும் தோளில் கைவைத்து ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரனுக்கு என்ன ஆறுதல் வேண்டியிருக்கிறது?

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு, கை பழக்கத்தில் கயிற்றை இழுத்துவிட்டேன். மெஷின் பிடித்துக்கொண்டது. தெரு முழுக்க அலறியது. நான் புல்லைப் பார்க்கவில்லை, கேட்டைத்தான் பார்த்தேன். இப்போது திறக்கும், இப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். யாரும் வரவில்லை. அவ்வளவு சத்தம் போட்டும் ஒரு ஆள் வரவில்லை மச்சான். என் வீட்டுக்காரி போன அன்றைக்குக்கூட நான் இவ்வளவு தனியாகிப்போனதாக நினைக்கவில்லை. அணைத்துவிட்டு உள்ளே போனவன் அதன் பிறகு அதைத் தொடவே இல்லை.

புல் முழங்கால் வரை வளர்ந்தது. பாம்பு வந்து அடையும் என்று தெருக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். மகன் போனில் கேட்டபோது, "பக்கத்து வீட்டுல மச்சான் சம்சாரம், நம்ம தங்கச்சி, இத்தா இருக்காகப்பா. நாலு மாசத்துக்கு மேல வெளிய வராம, வெளியாள் முகம் பாக்காம துக்கம் காக்குறாக. அங்கன போய் நான் டர்ருபுர்ருனு சத்தம் போடலாமா?" என்றேன். அவனும் நல்ல பிள்ளையாக, பேட்டரி மெஷின் வாங்கிக்கொள்ளச் சொல்லி உடனே பணம் அனுப்பி வைத்தான். அவனிடம் சொன்ன காரணம் பொய்யில்லை. ஆனால் கூப்பிட்டும் ஆள் வராத வீட்டில், கூப்பிடாத மெஷின் ஒன்று எனக்குத் தேவைப்பட்டது. அதுதான் விஷயம்.

பழையதை என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருந்தபோது, தோட்டத்தில் என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் கேட்டார். "வந்து எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை ஜீப்போடு வருவதாக இருந்தது.

அதற்கு முந்தின நாள் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். தங்கச்சிக்கு இத்தா முடிந்து சில நாள்கள் ஆகியிருந்தன. நான் பேட்டரி மெஷினோடு சுவர் ஓரமாக வந்தபோது அந்தப் பக்கத்திலிருந்து குரல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். தங்கச்சி தலையில் முக்காட்டோடு, பாதியாக இளைத்துப்போய் நின்றது.

"என்னண்ணே, புல்லு வெட்டுறதையே விட்டுட்டீகளோன்னு நெனச்சேன். சத்தத்தையே காணோமே?"

"பேட்டரி மெஷினு தங்கச்சி. சத்தம் வராது. ஒங்களுக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னுதான்."

"தொந்தரவா?" தங்கச்சி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டது. பிறகு, "அவுக உங்ககிட்ட தூக்கம் கெட்டுப்போச்சுன்னுதான சண்டைக்கு வருவாக?" என்று கேட்டது.

"ஆமா. வாராவாரம்."

"அவுக எங்கண்ணே தூங்குனாக? விடியக்காலம் சுபுஹு தொழுதுட்டுச் சட்டையப் போட்டுக்கிட்டு முன்னறையில உக்காந்திருப்பாக. மணி ஏழாச்சுன்னா இருப்புக் கொள்ளாது. 'இன்னும் கயித்த இழுக்கலையே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா'ம்பாக. சத்தம் வந்துச்சோ இல்லையோ, சட்டையக் கழட்டி வீசிட்டு, தலையக் கலச்சு விட்டுக்கிட்டுப் பனியனோட ஓடி வருவாக. நான் கேட்டதுக்கு, 'சும்மா போனா அந்த மனுசன் எரக்கப்படுறேன்னு நெனச்சுக்கிருவாரு, சண்டைக்குப் போனா டீ குடுப்பாரு'ன்னாக."

எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தீரே அய்யா, அந்தக் கண்ணில் தூக்கமே இருந்ததில்லையா? மெத்தைக் கடையை விட்டுவிட்டு நாடகக் கம்பெனி வைத்திருக்கலாம் நீங்கள்.

நான் மட்டும் என்ன யோக்கியனா? கரண்ட் போகும், கோரைக்குத் தாங்காது என்று சொன்னதெல்லாம் சாக்கு. சத்தம் போய்விட்டால் நீங்கள் எதற்கு வருவீர்கள் என்ற பயம்தான் எனக்கு. வாயைத் திறந்து 'வாங்க மச்சான்' என்று கூப்பிட எனக்கு வெட்கம், வெறுங்கையோடு வர உங்களுக்குத் தயக்கம். நம் இருவருக்கும் நடுவில் அந்த மெஷின் கத்திக்கொண்டு கிடந்தது, பாவம்.

தங்கச்சி சுவரை விட்டு நகராமல் நின்றது. "அந்த மெஷினு இன்னும் இருக்காண்ணே?"

"இருக்கு. நாளைக்கு ஒருத்தர் எடுத்துட்டுப் போறாரு."

"ஒரே ஒரு தடவ போட்டு விடுங்களேன். ஞாயித்துக்கிழமை வந்த மாதிரியே இல்ல."

தூசி தட்டி எடுத்து வந்தேன். கத்தியைக் கழற்றி, பிளக்கைத் துடைத்து, பெட்ரோல் கலந்து ஊற்றினேன். ஏழெட்டு இழுப்பில் பிடித்துக்கொண்டது. சும்மா சுவர் ஓரத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். கேட்டைப் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன், பார்த்தேன். திறக்காது என்று தெரிந்தே பார்த்தேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. உங்களை அடக்கம் செய்த அன்றைக்கு வராத அழுகை, வாய்விட்டு, சின்னப் பிள்ளை மாதிரி. அந்தச் சத்தத்தில் எனக்கே அது கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் தெருக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்களே என்று அணைத்தேன். சத்தம் நின்ற அதே நொடியில் சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு அழுகை சட்டென்று அறுந்து நின்றது. தங்கச்சிதான். சுற்றிலும் சொந்தக்காரர்கள், சத்தம் போட்டு அழக் கூடாது, இறந்துபோன மய்யித்துக்கு ஆகாது என்று சொல்லிச் சொல்லியே அதன் வாயை மூடி வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கம்மிப்போன குரலில் சொன்னது:

"இன்னும் கொஞ்ச நேரம் ஓட விட்டிருக்கலாமேண்ணே."

ஜீப்போடு வந்தவரிடம் மெஷின் தர முடியாது என்று சொல்லி, டீ மட்டும் கொடுத்து அனுப்பினேன். மலையிறங்கி வந்தவருக்குக் கோபம்தான், இருக்கட்டும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் புல்லைப் பேட்டரி மெஷின்தான் வெட்டுகிறது. நீங்கள் சொன்னது சரிதான் மச்சான், நன்றாகவே வெட்டுகிறது. அதற்கு முன்னால் ஏழு மணிக்குப் பழையதைச் சுவர் ஓரமாகக் கொண்டுபோய்க் கயிற்றை இழுக்கிறேன். எதற்கு என்று தெருவில் கேட்டால், ஓட்டாமல் வைத்தால் இன்ஜின் கெட்டுப்போகும் என்கிறேன். நீங்கள் வரமாட்டீர்கள். இந்த வீட்டில் இனி ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் கிடையாது என்பதும் எனக்குப் பழகிவிடவில்லை, பழகும் என்றும் தோன்றவில்லை.

போன வாரம் டேங்க் நிறைய ஊற்றி வைத்தேன். பெட்ரோல் தீர்ந்து அது தானாக நிற்கும்வரை அணைக்கவில்லை.