தொலைபேசியில் ஓம் சொன்னவருக்கு

பாரிஸில், லா சப்பல் மெட்ரோப் பாலத்தைத் தாங்கி நிற்கும் இரும்புத் தூண்களில் இன்று காலை மறுபடியும் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். பசை காயவில்லை. வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தவள் அந்த ஈர மணத்தில் நின்றுவிட்டேன். புதிய முகம், அதன் கீழே ஜனாதிபதித் தேர்தல் பற்றி ஒரு வரி. யார் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் எனக்கு உங்கள் முகம்தான் தெரிந்தது. நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. இன்னும் இந்தத் தெருவை விட்டுப் போனபாடில்லை.

உங்களைப் பற்றிப் பிரெஞ்சில் எழுத இருந்ததையெல்லாம் பத்திரிகைகள் எழுதித் தீர்த்துவிட்டன. உங்கள் மரணச் செய்திக்குக்கூட, ஒரே வசனத்தால் விழுந்த வேட்பாளர் என்றுதான் தலைப்புப் போட்டார்கள். அதனால் நான் தமிழில் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்தது ஒரேயொரு தமிழ்ச் சொல். பரவாயில்லை. இத்தனை காலம் உங்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னவள், இந்த ஒரு முறை மொழிபெயர்க்காமல் பேசிப் பார்க்கிறேன்.

2009 சித்திரையில் நாங்கள் எல்லோரும் தெருவில் இருந்தோம். வன்னியில் சண்டை கடற்கரையோரம் ஒடுங்கிவிட்டது. சனம் அதற்குள் அகப்பட்டுக் கிடந்தது. பாரிஸில் எங்களால் முடிந்தது, கடைகளைப் பூட்டிவிட்டுச் சதுக்கத்தில் போய் நிற்பது மட்டும். அரசியல்வாதிகள் சிலர் வந்தார்கள், எங்களோடு நின்று படம் எடுத்தார்கள், குடையோடு காருக்குள் ஏறிப் போனார்கள். நீங்களும் ஒரு நாடாளுமன்ற உறுப்பினராகத்தான் வந்தீர்கள். மழை பிடித்த பிறகும் நின்றீர்கள். எனக்கு இரண்டு மொழியும் வரும் என்பதால் என்னை உங்களுக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டார்கள். அப்படித்தான் நமக்குள் அறிமுகம்.

உங்களுக்கு மறுபக்கத்தில் சின்னராசா அண்ணை நின்றார். ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு உணவகத்தில் சமையல்காரர். மனைவியும் மூத்த மகளும் வன்னிக்குள். அவருடைய கைத்தொலைபேசி அடித்தது. எடுத்தார். மகள்தான். யாரோ வைத்திருந்த செய்மதித் தொலைபேசிக்கு வரிசையில் நின்று எடுத்திருக்கிறாள். இரண்டு நிமிடம் கதைத்துவிட்டு அண்ணை சொன்னார்:

"பிள்ளை, இஞ்சை பார்லிமென்ற்காரர் ஒருத்தர் எங்களோடை நிக்கிறார். அவரிட்டைச் சொல்லு."

தொலைபேசியை உங்கள் கையில் தந்தார். நீங்கள் அதைக் காதில் வைக்காமல் நம் இருவர் முகத்துக்கும் நடுவே பிடித்தீர்கள். அந்தப் பக்கம் காற்று இரைந்தது. காற்றல்லாத வேறு சத்தங்களும் இருந்தன. அவள் அழவில்லை. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று கேட்பதுபோலக் கேட்டாள்:

"ஐயா, இஞ்சை நடக்கிறதெல்லாம் அங்கை கேக்குதோ?"

நான் உங்களுக்குச் சொன்னேன். நீங்கள் உடனே தலையை ஆட்டினீர்கள். "ஆம் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?" என்று கேட்டீர்கள். சொல்லித் தந்தேன். தொலைபேசிக்குள் நீங்களே சொன்னீர்கள்: "ஓம்."

அவள் அடுத்ததாகக் கேட்டாள்:

"கேக்குதெண்டால் ஏன் ஒருத்தரும் வரேல்லை?"

அதையும் நான் பிரெஞ்சில் சொன்னேன். நீங்கள் வாயைத் திறப்பதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. அண்ணை திரும்பத் திரும்ப அந்த இலக்கத்தை அழுத்திக்கொண்டிருந்தார். உங்கள் தலைமயிரிலிருந்து மழைநீர் வடிந்தது. துடைக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றவேயில்லை.

வைகாசியில் எல்லாம் முடிந்தது. அண்ணையின் மனைவி முகாமொன்றில் உயிரோடு இருப்பதாகத் தகவல் வந்தது. மகளைப் பற்றி எதுவும் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

சில வருடங்கள் கழித்து நீங்கள் பெரிய ஆளானீர்கள். உங்கள் கட்சி தன் ஜனாதிபதி வேட்பாளர் யார் என்று தெரிவுசெய்ய முன்தேர்தல் வைத்தது, பிறிமேர் என்பீர்கள். அதில் நீங்களும் ஒருவராக நின்றீர்கள். முதலில் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பிறகு தொலைக்காட்சியில் உங்களைக் கண்ட சனத்துக்கு உங்களைப் பிடித்துப்போயிற்று. சுற்றி வளைக்காமல் பேசுகிறார் என்றார்கள். கருத்துக் கணிப்புகளில் மேலே ஏறினீர்கள். லா சப்பல் நகைக்கடைக்காரர் ஒருவர் உங்கள் படத்தை லட்சுமி படத்துக்குக் கீழே மாட்டினார். "எங்கடை ஆள் எலிசே மாளிகைக்குப் போகப் போறார்" என்று வாடிக்கையாளருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு வாக்குரிமை இல்லை என்பது வேறு கதை.

அந்த நாட்களிலும் நீங்கள் அண்ணையின் உணவகத்துக்கு வருவீர்கள். இடியப்பத்தைக் கையால் பிசைய முயன்று சொதியை உடுப்பில் ஊற்றிக்கொள்வீர்கள். அண்ணை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "தம்பிக்குக் கரண்டி குடுங்கோவன்" என்பார். பிரான்சுக்கே ஜனாதிபதியாக வரக்கூடியவரை இந்த நகரத்தில் தம்பி என்று கூப்பிட்டவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். உங்களோடு வரும் ஆலோசகர், எப்போதும் கைத்தொலைபேசியைப் பார்த்தபடி இருக்கும் அந்த இளைஞர், தூரத்து நாடுகளின் கதையை இனிக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று உங்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நீங்கள் சரி என்றீர்கள். குறைத்தும் கொண்டீர்கள்.

பிறகு முன்தேர்தல் வேட்பாளர்களின் அந்த விவாதம். உணவகத் தொலைக்காட்சியில் நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நன்றாகத்தான் பேசினீர்கள். முடியப்போகும் நேரத்தில், களைத்துப்போயிருந்தவர்களைச் சிரிக்கவைக்க நினைத்தோ என்னவோ, நடத்துனர் ஒரு கேள்வி போட்டார். நீங்கள் சொன்ன பொய்களில் இன்றுவரை மறக்க முடியாதது எது? ஒருவர், பாடசாலைக்குப் போவதாகச் சொல்லிக் கால்பந்து பார்க்கப் போன கதையைச் சொன்னார். இன்னொருவர், மாமியாரின் சமையலைப் புகழ்ந்ததைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் முறை வந்தது.

"ஒரு இளம்பெண்ணிடம் தொலைபேசியில் ஆம் என்று சொன்னேன்" என்றீர்கள்.

அதற்கு மேல் வரவில்லை. மண்டபத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. நடத்துனர் புருவத்தை உயர்த்தினார். "மனைவிக்கு இது தெரியுமா?" என்றார். சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. நீங்கள் வாயைத் திறந்தீர்கள், மூடினீர்கள், மேசையைப் பார்த்தீர்கள். நேரம் முடிந்துவிட்டது.

சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்ற அண்ணை என்னைக் கேட்டார்: "தம்பி என்ன பிள்ளை சொன்னவர்?"

"உங்கடை மகளிட்டை ஓம், கேக்குதெண்டு சொன்னதைத்தான் அண்ணை, கதைக்க வெளிக்கிட்டவர்."

"அதுக்கேன் சிரிக்கினம்?"

நான் எழுந்துபோய்த் தொலைக்காட்சியை நிறுத்தினேன்.

மறுநாள் நாடு முழுவதும் ஒரே கேள்வி: யார் அந்தப் பெண்? ஊகங்கள் வந்தன, பாட்டு வந்தது. என் மகன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, உங்களையும் ஒரு தொலைபேசியையும் வைத்துச் செய்த கேலிப்படத்தைக் காட்டி, "அம்மா, உங்கள் ஆள் முடிந்தார்" என்று பிரெஞ்சில் சொன்னான். இந்தத் தூண்களில் இருந்த உங்கள் படங்களின் கன்னத்தில் யாரோ சிவப்பு மையால் முத்தங்கள் வரைந்திருந்தார்கள்.

உங்கள் ஆலோசகர் என்னைத் தேடி வந்தார். அவரிடம் நான் உண்மையைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததை என்னால் மறக்க முடியாது. "அந்தத் தந்தை இங்கேதான் இருக்கிறாரா? ஒரு பேட்டி போதும். எல்லாம் தலைகீழாக மாறிவிடும்" என்றார். அண்ணையிடம் கேட்டேன். அவர் யோசிக்கவேயில்லை.

"தம்பிக்கு உதவுமெண்டால் நான் சொல்லுறன். எங்கை வரவேணும்?"

மறுநாள் மத்தியானம் முகச்சவரம் செய்து, கலியாண வீடுகளுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு உணவகத்தில் காத்திருந்தார். கமராக்காரர் வருவதற்கு முன் நீங்கள் வந்தீர்கள். நித்திரையில்லாத முகம். உட்காராமலே சொன்னீர்கள்: "இவருடைய மகளை வைத்து நான் வாக்குக் கேட்க மாட்டேன்."

மொழிபெயர்த்தேன். அண்ணை சிரித்தார். "நீங்கள் எங்கை தம்பி கேக்கிறியள்? நான்தானே சொல்லப் போறன்."

அப்போதுதான் நீங்கள் உட்கார்ந்தீர்கள். மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டே பேசினீர்கள். "ஆம் என்று நான் சொன்னதை இவர் சொல்வார். அடுத்ததாக, அதற்கு அவள் என்ன சொன்னாள் என்று கேட்பார்கள். அவள் கேட்டது எனக்கு ஒவ்வொரு நாளும் கேட்கிறது. நாடாளுமன்றத்தில் எழுந்து பேசும்போதும் கேட்கிறது. அதற்கு நான் என்ன பதில் சொல்வது?"

இதையும் அண்ணைக்குச் சொன்னேன். அவர் கோட்டைக் கழற்றி, மடித்து, கதிரையின் முதுகில் போட்டார். சமையலறைக்குத் திரும்பும்போது, "தம்பியைச் சாப்பிட்டிட்டுப் போகச் சொல்லு" என்றார்.

அன்று உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள், முகத்தில் காட்டினேன். வாழ்நாளில் ஒரு தடவை எங்கள் கதையை இந்த நாடு காது கொடுத்துக் கேட்க இருந்தது. நீங்கள் மறித்துவிட்டீர்கள். அது கண்ணியமா, பயமா? சில நாள் ஒன்று என்று நினைப்பேன், சில நாள் மற்றது. உங்களுக்கே தெரிந்திருக்காது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அதன் பிறகு உங்களைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஆலோசகர் வேறொரு வேட்பாளரிடம் போனார். புறநகர் ஒபர்வில்லியேயில் நடந்த உங்கள் கடைசிக் கூட்டத்துக்கு நான் வந்திருந்தேன். பாதிக் கதிரைகளை அடுக்கி ஓரத்தில் வைத்துவிட்டு, மண்டபம் நிறைந்ததுபோலக் காட்டப் பார்த்தார்கள். இருந்தவர்களில் பாதிப்பேர் லா சப்பல் ஆட்கள், வாக்குப் போட முடியாதவர்கள். நீங்கள் வீட்டு வாடகை பற்றியும் வைத்தியசாலைகள் பற்றியும் பேசினீர்கள். நல்ல விடயங்கள்தான். ஆனால் ஒவ்வொரு வசனத்துக்கும் பிறகு யாராவது சிரிக்கப் போகிறார்களோ என்று கொஞ்சம் காத்திருந்தீர்கள். அந்தக் காத்திருப்பு உங்களை விட்டு நீங்கவேயில்லை. முன்தேர்தலில் கடைசியாக வந்தீர்கள். அடுத்த பொதுத் தேர்தலில் நாடாளுமன்ற இடமும் போயிற்று.

பிறகு நீங்கள் பிற்பகல்களில் வரத் தொடங்கினீர்கள். மதியச் சாப்பாடு முடிந்து உணவகம் ஆளில்லாமல் கிடக்கும் நேரம். அண்ணை தேத்தண்ணியோடு வந்து உங்களுக்கு எதிரே உட்காருவார். அவருடைய பிரெஞ்சு சமையலறைப் பிரெஞ்சு. சூடு, உப்பு, கெதி, நாளைக்கு. அதை வைத்துக்கொண்டு இருவரும் என்ன கதைப்பீர்கள் என்று எனக்கு விளங்கியதேயில்லை. வேலை முடிந்து அந்த வழியால் வரும்போது கண்ணாடிக்கூடாகப் பார்ப்பேன். இரண்டு பேரும் தெருவைப் பார்த்தபடி இருப்பீர்கள். தெருவில் போகிறவர்கள் சிலர் உங்களை அடையாளம் கண்டு, கையைத் தொலைபேசிபோலக் காதில் வைத்துக் காட்டிவிட்டுப் போவார்கள். நீங்கள் தலை குனிவீர்கள். அண்ணை எழுந்துபோய்த் திரையை இழுத்துவிடுவார்.

ஒருமுறை என்னை உள்ளே கூப்பிட்டீர்கள். மகளைப் பற்றி அண்ணையிடம் கேட்கச் சொன்னீர்கள். அந்தக் கேள்வியைத் தவிர அவளைப் பற்றி உங்களுக்கு வேறு எதுவும் தெரியாதாம். அண்ணை சொன்னார்: அவளுக்கு வாய் நீளம், பஸ் கொண்டக்டரோடு மிச்சக் காசுக்குச் சண்டை பிடிப்பாள், முருங்கைக்காய் சாப்பிடமாட்டாள், கணக்கில் கெட்டிக்காரி, தாய்க்குத் தெரியாமல் மோட்டார் சைக்கிள் ஓடப் பழகியவள். நீங்கள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினீர்கள். எழுந்து போகும்போது உங்கள் கண்கள் சிவந்திருந்தன. ஆனால் அன்றைக்குத்தான், விவாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக, நீங்கள் கொஞ்சம் சிரித்ததைக் கண்டேன். மோட்டார் சைக்கிள் கதைக்கு.

வருத்தம் வந்தது, வைத்தியசாலைக்குப் போனீர்கள், திரும்பவில்லை.

அடக்கத்துக்கு நானும் அண்ணையும் வந்தோம். கட்சியிலிருந்து ஒரு மலர்வளையம் வந்திருந்தது, ஆட்கள் அதிகமில்லை. அண்ணை அந்தக் கோட்டைத்தான் போட்டிருந்தார். சடங்குகள் முடிந்து ஆட்கள் கலையும் நேரத்தில் உங்கள் மனைவி எங்களிடம் வந்தார். உங்கள் மனைவியை அதற்கு முன் நான் நேரில் கண்டதில்லை. அண்ணையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். குரல் தாழ்ந்திருந்தது.

"அவர் எனக்கு எல்லாம் சொன்னார். நம்பினேன். நம்பாத நாட்களும் இருந்தன. உண்மையாகவே அப்படி ஒரு பெண் இருந்தாளா?"

நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அண்ணைக்கு விளங்கிவிட்டது. "வதனி" என்றார். "எங்கடை மூத்தவள்."

உங்கள் மனைவி அந்தப் பெயரைத் தன் வாயில் சொல்லிப் பார்த்தார். சரியாக வரவில்லை. அண்ணை திருத்தினார். மறுபடியும் சொன்னார். பிறகு அண்ணையின் கையைப் பிடித்தவர், கல்லறைக்காரர்கள் மண்ணைப் போட்டு முடிக்கும்வரை விடவில்லை.

இப்போது உங்கள் மனைவி மாதத்தில் ஒரு நாள் ரூ லூயி-பிளாங் உணவகத்துக்கு வருகிறார். நான் நடுவில் உட்காருகிறேன். அவர் உங்களைப் பற்றிச் சொல்கிறார், அண்ணை மகளைப் பற்றிச் சொல்கிறார். இல்லாத இரண்டு பேரையும் இந்த மொழியிலிருந்து அந்த மொழிக்குத் தூக்கித் தூக்கி வைப்பதுதான் என் வேலை. வீட்டுக்குப் போகும்போது உடம்பு அசந்துவிடும். ஆனாலும் அடுத்த மாதம் போகிறேன்.

போன முறை அவர் அண்ணையிடம் ஒன்று கேட்டார். "இத்தனை பிற்பகல்கள் என் கணவர் உங்களோடு இருந்தாரே, அப்போது என்னதான் பேசினார்?"

அண்ணை தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "ஒண்டும் கதைக்கேல்லை" என்றார். "இருந்தவர்."

உங்கள் மனைவி என் முகத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன், சொல் வரவில்லை. உட்கார்ந்திருந்தார் என்று சொன்னால் அது கதிரையைப் பற்றிய பேச்சாகிவிடும். உயிரோடு இருந்தார் என்றால் அழுவார். விட்டுப் போகாமல் கூட இருந்தார் என்பதற்குப் பிரெஞ்சில் வேறு சொல் வேண்டும். அண்ணை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொன்னார். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நான் அந்தச் சொல்லைத்தான் வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன். அடுத்த மாதம் உங்கள் மனைவி வருவதற்குள் பிரெஞ்சில் அதைக் கண்டுபிடித்தாக வேண்டும்.