கரையாம்புத்தூர் சுப்பராயலுவின் பல்

வில்லியனூர்
9-2-1937

அன்பு நண்பன் அரங்கநாதனுக்கு,

நாகப்பட்டினத்தில் நீயும் உன் தாயாரும் சுகமாக இருக்க வேண்டும். என் சுகத்தைப் பற்றி மறைத்து எழுதிப் பயனில்லை. எனக்கு க்ஷயரோகம். புதுச்சேரி டாக்டர் கபத்தைச் சோதித்துச் சொல்லிவிட்டார். மதனப்பள்ளி சானடோரியத்தில் இடம் கிடைத்திருக்கிறது. வருகிற திங்கட்கிழமை ரயிலேற வேண்டும்.

தெரிந்த நாளிலிருந்து யார் வாயருகிலும் நான் குனியவில்லை. பல் வைத்தியசாலைக் கதவைச் சாத்திவிட்டேன். வலியோடு வருகிறவர்கள் மட்டும் நிற்கவில்லை.

போன வாரம் கரையாம்புத்தூரிலிருந்து சுப்பராயலு என்ற விவசாயி மாட்டுவண்டியில் வந்தார். கடைவாய்ப்பல் சீழ் பிடித்து, கன்னம் வீங்கி, வாய் திறக்கவே முடியவில்லை. நான் மூக்கை மூடித் துணி கட்டிக்கொண்டு, வாசலிலேயே நின்று, டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். "இம்மாந் தூரம் வந்துட்டேன், இனிமே எங்க சாமி போவேன்? நீயே புடுங்கி வுட்டுடு" என்று கும்பிட்டார். அவர் மனைவி தையலம்மாள், "இன்னா டாக்டரு நீ, கதவாண்ட நின்னுக்கினு வெரட்டுற?" என்று அழுதாள். என் நோயைச் சொல்லியிருந்தால் அவர்களுக்குப் புரிந்திருக்கும். இதுவரை என் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் நடுங்குவார்களே என்று வாயை மூடிக்கொண்டேன்.

அவர்கள் டவுனுக்குப் போகவில்லை. ஊரில் யாரோ குறடு போட்டுப் பிடுங்கியிருக்கிறார்கள். வீக்கம் கழுத்துக்கு இறங்கி, மூன்றாம் நாள் மூச்சடைத்து இறந்துவிட்டார். அவர் மைத்துனர் மணவாளன் நேற்று வந்து சொல்லிவிட்டுப் போனார். திட்டவில்லை, அரங்கா. திட்டியிருக்கலாம்.

இனி இந்த வைத்தியசாலையை நீதான் நடத்த வேண்டும், இன்று காலையிலிருந்து எல்லாவற்றையும் உனக்காக ஒழுங்கு செய்கிறேன். நாற்காலியைப் பினாயிலால் துடைத்தேன். தலை சாய்க்கும் மெத்தையை எரித்தேன். காலால் மிதித்துத் துளைக்கும் இயந்திரத்துக்குப் புது வார் மாட்டியிருக்கிறேன். பாகூர் காசம்மாளின் பல்செட் பாதியில் நிற்கிறது. நீ புதிதாக அளவெடு, என் கை பட்டது வேண்டாம். பிள்ளையார்குப்பம் பலராமனுக்கு நீரிழிவு, அவசரப்பட்டுப் பல்லில் கை வைத்துவிடாதே. இருமல் வந்தால் வெளியே ஓடுகிறேன், திரும்பி வந்து அதே குறடுகளை மறுபடியும் கொதிக்க வைக்கிறேன். என் மனைவி அமுதம் பார்த்துவிட்டு, "அதையே எத்தினி வாட்டி வேவ வைப்பீங்க?" என்று கேட்டாள்.

அவளுக்கு நோய் தெரியும். ஆறு மாதத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. கரியமாணிக்கத்தில் தாய்வீட்டில் இருக்கப் போகிறாள். மாதம் ஒருமுறை அவளைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போய் மார்பைச் சோதிக்கச் சொல். வேண்டாம் என்பாள், விடாதே.

அங்கே இன்னொரு பல் வைத்தியரிடம் உதவியாளனாக இருக்கும் நீ உடனே கிளம்புவது கடினம் என்று தெரியும். கல்கத்தாவில் ஒன்றாகப் படித்த நாளிலிருந்து உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இன்று மட்டும் மூன்று பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மூவரிடமும் என் நோயைச் சொல்லி அனுப்பினேன். அவர்கள் எங்கே போனார்களோ, யார் கையில் வாயைக் காட்டுகிறார்களோ, நினைத்தால் சோறு இறங்கவில்லை. பதில் எழுதாதே, நேரே புறப்படு. ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடு. தினமும் ரயில் நேரத்துக்கு ஸ்டேஷனில் நிற்பேன். நீ என் கிட்டே வராதே, சாவியைப் பெஞ்சின் மேல் வைக்கிறேன்.

நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். வரும்போது உன் பெயர் எழுதிய பலகை ஒன்று செய்து எடுத்துக்கொண்டு வா.

உன்
தணிகைவேல்