நலமறிய ஆவல் இல்லை

துவாக்குடி
11.06.2025

மாரீஸ்வரிக்கு,

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டதால் தபாலில் எழுதுகிறேன். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் நண்பனுக்குக் கடிதம் எழுதியதோடு சரி, மறுபடி இப்போதுதான் எழுதுகிறேன். சுற்றி வளைக்க எனக்கு வராது.

போனில் கேட்டதைத்தான் இதிலும் கேட்கிறேன். சரவணக்குமார் கல்யாணத்தன்று காரைக்குடி ரூமில் நடந்ததில் உனக்கும் எனக்கும் சமப் பங்கு. காண்டம் போட்டிருந்தேன். கிழியவில்லை. நீ டீ வாங்கக் கீழே இறங்கிய நேரத்தில் வாஷ்பேசினில் அதற்குள் தண்ணீர் பிடித்துத் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டு கசியவில்லை. சிரிக்காதே, என் வேலையே அதுதான். வால்வுக்குள் அழுத்தத்தோடு தண்ணீரை ஏற்றி, கசிகிறதா என்று பார்த்து, நான் சர்டிஃபிகேட்டில் கையெழுத்துப் போட்டால்தான் அது கம்பெனி கேட்டைத் தாண்டும்.

ஆனால் அதற்கப்புறம் எனக்கு வாயில் புண் வந்தது. தொண்டை கரகரக்கிறது. கழுத்தில் ஒரு கட்டி மாதிரி தட்டுப்படுகிறது. நெட்டில் எதைத் தேடினாலும் கடைசியில் அந்த வியாதியில்தான் கொண்டுபோய் விடுகிறான். காண்டம் நூற்றுக்கு நூறு கிடையாது என்றும் போட்டிருக்கிறான்.

எனக்கு உனக்கு முன்னால் யாரும் கிடையாது. உனக்கு இருந்தது. நாலு வருஷம் பாண்டிமுருகனோடு குடும்பம் நடத்தியிருக்கிறாய். அந்த ஆள் லாரி எடுத்துக்கொண்டு நாக்பூர் வரைக்கும் போனவன். வழியில் எங்கெங்கே இறங்கினானோ. உன்னைக் குற்றம் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைடிஸ் எல்லாவற்றுக்கும் ரத்தம் கொடுத்து ரிப்போர்ட்டை அனுப்பு. அது வந்த பிறகு, பேசியபடி ஆவணியில் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

முத்தரசு


பள்ளத்தூர்
16.06.2025

திரு. முத்தரசு அவர்களுக்கு,

நலம். நலமறிய ஆவல் இல்லை.

உங்கள் கடிதம் பள்ளிக்கூடத்துக்கு வந்து தலைமையாசிரியை மேசையில் கிடந்தது. "துவாக்குடியில யாரு டீச்சர்?" என்று கேட்டார். "குக்கர் வால்வு ரிப்பேருங்க மேடம், கம்பெனிக்காரன் எழுதியிருக்கான்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். இனிமேல் வீட்டு முகவரிக்கு எழுதுங்கள். என் அப்பா அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கிற ஆள் இல்லை.

உங்களுக்காகத்தான் நான் டீ வாங்க இறங்கினேன். நாலு கடை தள்ளி நடந்து வாங்கி வந்தேன். நீங்கள் மேலே தண்ணீர் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். வந்ததும் "டீ ஆறிப்போச்சு" என்று குறை வேறு.

நான் ஆசாரி வீட்டுப் பெண். நீங்கள் வெள்ளாமைக்காரர் வீட்டுப் பிள்ளை. சாதி பார்க்க மாட்டேன் என்றீர்கள். முதல் கல்யாணத்தைப் பார்க்க மாட்டேன் என்றீர்கள். ஒன்றரை வருஷம் இதைச் சொல்லிச் சொல்லித்தான் என்னை நம்ப வைத்தீர்கள். ஜாதகம் கேட்டு வந்த மாப்பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், நகை கேட்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ரத்தம் கேட்டு வந்த முதல் மாப்பிள்ளை நீங்கள்தான்.

டெஸ்ட் எடுப்பது கேவலம் இல்லை. பிள்ளைகளுக்கு அதைப் பாடமாகவே நடத்துகிறவள் நான். ரெண்டு பேரும் சேர்ந்து போய் எடுத்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே லீவு போட்டுவிட்டு வந்திருப்பேன். "பயமா இருக்கு மாரி" என்று ஒரு வார்த்தை. அது உங்கள் வாயில் வரவில்லை. புண் மட்டும்தான் வந்தது.

முதலில் உங்கள் ரத்தத்தைக் கொடுங்கள். பிறகு என்னுடையதைக் கேளுங்கள்.

மாரீஸ்வரி


துவாக்குடி
21.06.2025

மாரீஸ்வரிக்கு,

டீச்சர் வேலையை என்னிடம் காட்டாதே. நான் உன் வகுப்பில் உட்கார்ந்திருக்கவில்லை.

ஒரு தொட்டிக்கு ஒரே குழாய்தான். தண்ணீர் கலங்கினால் எவனும் அந்தக் குழாயைத்தான் போய்ப் பார்ப்பான். என் பக்கம் வேறு குழாய் கிடையாது. பிறகு நான் எதற்கு டெஸ்ட் எடுக்க வேண்டும்? இங்கே லேப் வாசலில் போய் நின்றால் கம்பெனிப் பையன் ஒருத்தனாவது பார்ப்பான். அடுத்த ஷிஃப்டுக்குள் எல்லா மெஷினுக்கும் தெரிந்துவிடும்.

சாதி பார்க்க மாட்டேன் என்றதை இப்போதும் மாற்றவில்லை. அதற்கு நான் வீட்டில் வாங்கிய ஏச்சு உனக்குத் தெரியாது. "ஊருல பொண்ணா இல்ல, அத்துக்கிட்டு வந்ததத்தான் கட்டணுமா?" என்று பெரியப்பா கேட்டார். பந்தியில் இலையை விட்டு எழுந்து வந்தேன். அப்படிப்பட்டவனுக்கு ஒரு காகிதம் தர உனக்கு வலிக்கிறது. ஒளிக்க ஒன்றும் இல்லாதவள் எதற்கு இவ்வளவு கோபப்படுகிறாள்?

அம்மா இளையாத்தங்குடிப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறார். ஆடி பிறப்பதற்குள் உன் ரிப்போர்ட் வரவில்லை என்றால் அதற்குத் தலையாட்டிவிடுவேன். மிரட்டுகிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

தொண்டை இன்னும் சரியாகவில்லை.

முத்தரசு


பள்ளத்தூர்
02.07.2025

முத்தரசு அவர்களுக்கு,

ரிப்போர்ட் இத்துடன் இருக்கிறது. எல்லாமே நெகட்டிவ். சந்தேகமாக இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், லேப் முத்திரை தெரியும்.

உங்கள் மிரட்டலுக்காக எடுக்கவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு, மூன்று வருஷத்துக்கு முன்னால் கோர்ட்டிலேயே விட்டுவிட்டு வந்த ஆள் திரும்ப வந்து என் வீட்டில் உட்கார்ந்துகொண்டான். சாப்பிடும்போது எதிரே இருக்கிறான். கரும்பலகையில் எழுதும்போது பின்னால் நிற்கிறான். கூட்டிக்கொண்டு வந்து விட்டது நீங்கள். அவனை வெளியே தள்ளத்தான் எடுத்தேன்.

காரைக்குடி லேபில் ரத்தம் எடுத்தது நித்யஸ்ரீ. என்னிடம் படித்த பிள்ளை. என்னென்ன டெஸ்ட் என்று சீட்டில் பார்த்ததும் குனிந்தவள் நிமிரவே இல்லை. ஊசியைக் குத்திக்கொண்டே, "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் டீச்சர்" என்றாள். நான் கேட்கவே இல்லை. "சொன்னா என்னடி? எடுக்குறது ரத்தந்தானே, திருட்டு நகையா?" என்றேன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பஞ்சை வைத்து நானே கையை அழுத்திக்கொண்டு எழுந்து வந்தேன்.

கேட்ட மகராசன் மட்டும் துவாக்குடியில் எவன் கண்ணிலும் படாமல் பத்திரமாக இருக்கிறார்.

சர்டிஃபிகேட் இல்லாமல் ஒரு வால்வுகூடக் கேட்டைத் தாண்டாது என்று எழுதியது நீங்கள்தானே? நீங்கள் மட்டும் எப்படித் தாண்டினீர்கள்? ஆடியோ ஆவணியோ, உங்கள் காகிதம் இல்லாமல் எங்கள் தெருவுக்குள் காலை வைக்காதீர்கள்.

மாரீஸ்வரி


துவாக்குடி
17.07.2025

மாரி,

உன் ரிப்போர்ட் வந்த அன்று சாயங்காலமே எனக்குத் தொண்டை சரியாகிவிட்டது. கழுத்துக் கட்டியைத் தேடினேன், காணோம். அப்போதே வெட்கப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

உன் வாயை அடைக்கத்தான் ரத்தம் கொடுத்தேன். எச்.ஐ.வி. இல்லை. சிபிலிஸ் இல்லை. ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ்.

அப்போதும் உன்னைத்தான் நினைத்தேன். நீ அனுப்பியது போலி என்றுகூட நினைத்தேன். டாக்டரிடம் உன் ரிப்போர்ட்டை நீட்டி, "இந்தப் பொண்ணுகிட்ட இருந்துதானே சார்?" என்றேன். "இவங்களுக்குத்தான் இல்லையே, அப்புறம் எப்படி உங்களுக்குக் குடுப்பாங்க?" என்று கேட்டுவிட்டு இன்னும் ரெண்டு டெஸ்ட் எழுதினார். அது வந்ததும், "தம்பி, இது இப்ப வந்ததில்ல, ரொம்பப் பழசு. பொறக்கும்போதே வந்திருக்கலாம். அம்மாவக் கூட்டிட்டு வாங்க" என்றார். கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்கும் இருக்கிறது. ஒரு நாள் தலைவலி என்று படுத்தவர் இல்லை. யாருக்கும் தெரியவில்லை.

குழாய் என் பக்கம்தான் இருந்திருக்கிறது.

இப்போது அவசரம் உனக்குத்தான். நீ உடனே தடுப்பூசி போட ஆரம்பிக்க வேண்டும். மொத்தம் மூன்று. சில மாதம் கழித்து ஒரு தரம் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். காண்டம் கிழியாததால் பெரிதாகப் பயப்பட வேண்டாம் என்கிறார். என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அன்றைக்குத் தண்ணீர் பிடித்துப் பார்த்தேன். அது காப்பாற்றியது உன்னை.

எங்கள் ரெண்டு பேருக்கும் ஈரல் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டுமாம். ஒக்கூரில் எங்கள் வீட்டுக்குப் போய் அம்மாவுக்குத் தனித் தட்டும் தனி டம்ளரும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். எதற்கென்று அம்மா கேட்கவில்லை. சாப்பிட்டதும் கழுவி, கொல்லைப் பக்கச் சுவரோரம் தனியாகக் கவிழ்த்து வைக்கிறார்.

ஆவணியில் வரட்டுமா? காகிதத்தைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வருகிறேன். உன் அப்பாவிடம் நானே சொல்கிறேன்.

பயமாக இருக்கிறது மாரி.

முத்தரசு


பள்ளத்தூர்
24.07.2025

முத்தரசு அவர்களுக்கு,

கடிதம் வந்த அன்றே முதல் ஊசி போட்டுக்கொண்டேன். மீதியையும் போட்டுக்கொள்வேன். ரத்தமும் பார்ப்பேன். அதன் முடிவு உங்களுக்கு வராது.

நீங்கள் வர வேண்டாம்.

வியாதிக்காக இல்லை. இதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் காலம் பூராவும் அதுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டு திரிவீர்கள். ஊசியைப் போட்டுக்கொண்டு எத்தனையோ பேர் குடும்பம் நடத்துகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள் என்று நர்ஸம்மா சொன்னார். நடத்தலாம். உங்களோடு முடியாது. நாளைக்கு எனக்கு ஒரு காய்ச்சல் வந்தால் இந்த ஆள் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாரா, எங்கே போய் வாங்கி வந்தாய் என்று கேட்பாரா என்று யோசித்தேன். ரொம்ப நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

உங்கள் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அது ஜூன் மாதத்துக் கடிதத்தில் இருந்திருக்க வேண்டிய வரி.

இன்னொன்று. தட்டிலும் டம்ளரிலும் அது ஒட்டாது. சேர்ந்து சாப்பிடலாம். பிளேடும் பல் துலக்குகிற பிரஷும்தான் தனியாக இருக்க வேண்டும். உங்கள் டாக்டர் சொல்லியிருப்பார், காதில் வாங்கியிருக்க மாட்டீர்கள். உங்கள் அப்பாவையும் ரத்தம் பார்த்து ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தத் தட்டைச் சுவரோரத்திலிருந்து எடுத்து மற்ற தட்டுகளோடு வையுங்கள். பெற்றதைத் தவிர அந்த அம்மா என்ன தப்புப் பண்ணினாக? என்னை நிறுத்திய இடத்தில் அவுகளையும் நிறுத்திவிட்டீகளே.

பதில் எழுத வேண்டாம்.

மாரீஸ்வரி


ஒக்கூர்
01.09.2025

மாரிக்கு,

நலம் என்று எழுத வரவில்லை. நலமறிய ஆவல்.

வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். பதில் கேட்கவில்லை.

தட்டை எடுத்து வைத்துவிட்டேன். மறுநாள் தேடினேன், எந்தத் தட்டு என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. அப்பாவுக்கு இல்லை. ஊசி போட்டாகிவிட்டது. அவர் போட்ட சத்தத்தில் அடுத்த ரூமில் இருந்த குழந்தை அழுதது.

நேற்று இளையாத்தங்குடிப் பெண் வீட்டார் ஆறு பேர் எங்கள் வீடு பார்க்க வந்தார்கள். அம்மாதான் வரச் சொல்லியிருந்தார். எல்லோருக்கும் காபி வைத்தார். எனக்குச் சுற்றி வளைக்க வராது. "எனக்கு ஹெபடைடிஸ் பி இருக்கு. பொண்ணுக்கு ஊசி போட்டா போதும், பயமில்ல" என்று சொல்லிவிட்டேன். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண்ணின் மாமா ஆசைத்தம்பி என்று ஒருத்தர். நல்ல மனுஷர்தான். டம்ளரை எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டு, "தப்பா நினைக்காதீக தம்பி. இது எங்குட்டு இருந்து வந்துச்சு?" என்று கேட்டார்.

அம்மா காபித் தட்டோடு கதவுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னைத்தான் பார்த்தார். எனக்குப் பதில் தெரியும். டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதமும் உள்ளே பீரோவில் இருந்தது.

"தெரியலங்க" என்றேன்.

அவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டார்கள். கூட வந்த பொம்பளை ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "போயிட்டுச் சொல்லி விடுறோம்" என்று எழுந்து போனார்கள். எந்தக் காலத்தில் சொல்லி விடுவார்கள் என்று உனக்கும் தெரியும். யாரும் காபியைத் தொடவில்லை. ஆறு டம்ளரும் ஆடை கட்டி அப்படியே நின்றது.

கார் கிளம்பிய சத்தம் கேட்டதும் அம்மா வந்து உட்கார்ந்தார். ஒரு டம்ளரை எடுத்துக் குடித்தார். இன்னொன்றை என் கையில் கொடுத்தார். ஆறிப்போயிருந்தது. குறை சொல்லாமல் குடித்தேன்.

முத்தரசு